எச்ஓ அளவு டபிள்யூஏபி-4 மின் எஞ்சின்: புதியவர்களுக்கான நுணுக்க வேலை வழிகாட்டி

நிஜ எஞ்சினை நாம் நடைமேடையில் நின்று, பக்கவாட்டில், சற்று அண்ணாந்து பார்க்கிறோம். மேசைமேல் ஓடும் மாடலையோ மேலிருந்து குனிந்து பார்க்கிறோம். எஞ்சினின் கூரையை வாழ்நாளில் சரியாகப் பார்த்திராத கண்ணுக்கு, மாடலில் முதலில் படுவதே கூரைதான். மின் எஞ்சினில் இது இன்னும் முக்கியம். 25 கிலோவோல்ட் மின்சாரம் இறங்கும் வழி முழுக்கக் கூரைமேல் திறந்து கிடக்கிறது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர் தன் நேரத்தில் பாதியைக் கூரைக்கும், மீதியில் பெரும்பங்கை முகப்புக்கும் ஒதுக்கினால் போதும். பக்கச்சுவரும் அடிப்பகுதியும் பெரும்பாலும் பெயின்டிலேயே தேறிவிடும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1:87 விகிதத்தில், அதாவது எச்ஓ அளவில், டபிள்யூஏபி-4. சித்தரஞ்சன் லோகோமோட்டிவ் ஒர்க்ஸில் 1993 முதல் 2015 வரை கட்டப்பட்ட ஆறு அச்சுப் பயணிகள் எஞ்சின் இது. எடை 112.8 டன், உச்ச வேகம் மணிக்கு 140 கி.மீ. ஈரோடு, அரக்கோணம் ஷெட்டுகளின் (எஞ்சின் பராமரிப்பு நிலையங்களின்) எழுத்தோடு தமிழ்நாட்டு எக்ஸ்பிரஸ்களை இழுத்த வண்டி என்பதால் படங்களுக்குப் பஞ்சமில்லை. உங்களிடம் இருப்பது டபிள்யூஏஜி-7 அல்லது டபிள்யூஏபி-7 என்றாலும் வேலை முறை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

முதலில் ஒரு எண், ஒரு காலம்

"டபிள்யூஏபி-4 செய்கிறேன்" என்று தொடங்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட எண்ணுள்ள வண்டியை, அது ஒரு குறிப்பிட்ட ஆண்டில் இருந்தபடி செய்யுங்கள். ஒரே வகை என்றாலும் வண்டிக்கு வண்டி வேறுபாடு அதிகம். தலைவிளக்கு சிலவற்றில் கண்ணாடிக்கு மேலே இருக்கும், பிற்கால வண்டிகளில் கண்ணாடிக்குக் கீழே நடுவில் இருக்கும். முன்கண்ணாடிக்குக் கம்பி வலை உண்டா, கூரையில் மின்சாரத்தைத் துண்டிக்க இருப்பது பழைய காற்றழுத்த சர்க்யூட் பிரேக்கரா அல்லது வேக்குவம் சர்க்யூட் பிரேக்கரா, இன்சுலேட்டர்கள் பழுப்பு நிறப் பீங்கானா சாம்பல் நிற சிலிக்கானா என்பதெல்லாம் எண்ணையும் ஆண்டையும் பொறுத்தவை. இரண்டு வண்டிகளின் படங்களைக் கலந்து செய்தால் எங்கோ இடிக்கும். விஷயம் தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார்.

குறைந்தது ஐந்து படங்கள் வேண்டும்: இரண்டு முகப்புகள், இரண்டு பக்கங்கள், ஒரு கூரை. பக்கங்கள் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது, ஜன்னலும் காற்றுப் புழைகளும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். கூரைப் படம் நிலையத்தின் நடைமேம்பாலத்திலிருந்து நன்றாகக் கிடைக்கும். கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையையோ செல்ஃபி குச்சியையோ ஒருபோதும் நீட்டாதீர்கள். 25 கிலோவோல்ட் கம்பியைத் தொட வேண்டியதில்லை, அருகில் போனாலே தாக்கும்.

அளவுகள்: எதையும் 87ஆல் வகுங்கள்

பஃபர் (முகப்பில் இருபுறமும் நீட்டி நிற்கும், மோதலைத் தாங்கும் வட்டத் தலை) முனைக்கு முனை நிஜ நீளம் 18,794 மி.மீ., மாடலில் 216 மி.மீ. புதுச் சக்கரத்தின் விட்டம் 1,092 மி.மீ., மாடலில் 12.5 மி.மீ. ஸ்கேல் வைத்து உங்கள் மாடலை அளந்து பாருங்கள். நீளத்தில் 2 மி.மீ. கூடக்குறைய இருந்தால் விட்டுவிடலாம். சக்கர விட்டம் 1 மி.மீ. குறைந்தாலே வண்டி உட்கார்ந்தாற்போலத் தெரியும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் அளவு ஒன்று உண்டு. இந்திய அகலப்பாதையில் இரு பஃபர்களின் மையங்களுக்கு இடையே 1,956 மி.மீ., ஐரோப்பாவில் 1,750. எச்ஓவில் முன்னது 22.5 மி.மீ., பின்னது 20.1. வெளிநாட்டு உதிரிபாகத் தொகுப்பில் வரும் பஃபர் பீமை அப்படியே ஒட்டினால் முகம் ஒடுங்கிப்போகும். பஃபர்களைத் தனியாக வாங்கி, 22.5 மி.மீ. இடைவெளியில் நீங்களே துளையிட்டுப் பொருத்துங்கள். தண்டவாள மேற்பரப்பிலிருந்து பஃபர் மையத்தின் உயரம் நிஜத்தில் 1,030 முதல் 1,105 மி.மீ. வரை இருக்கலாம். மாடலில் 12 முதல் 12.7 மி.மீ.க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1,676 மி.மீ. அகலப்பாதை எச்ஓவில் 19.3 மி.மீ. ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ. கிட்டத்தட்ட எல்லோரும் அதில்தான் ஓட்டுகிறார்கள். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரிவது இதனால்தான். இதற்காகச் சேசிஸை மாற்றத் தொடங்காதீர்கள், முதல் வேலைக்கு அது மிகப் பெரிய சுமை. போகியின் (சக்கரங்களைத் தாங்கி வளைவில் திரும்பும் அடிச்சட்டத்தின்) பக்கச் சட்டங்கள் சரியான இடத்தில் வெளியே நிற்கட்டும். சட்டத்தின் உட்புறத்தையும் சக்கரத்தின் முகத்தையும் மங்கலான கருஞ்சாம்பல் நிறமாக்கிவிட்டால் இடைவெளி நிழலில் மறைந்துபோகும்.

கருவிகள்

பித்தளைக் கம்பி 0.3, 0.4, 0.5 மி.மீ. தடிமனில், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். கையால் திருகும் பின் வைஸ், அதற்கு 0.35, 0.45, 0.55 மி.மீ. பிட்டுகள். இவை உடையும், ஒவ்வோர் அளவிலும் குறைந்தது மூன்று வாங்குங்கள். கூர்முனைச் சாமணம், தட்டைமூக்குக் குறடு, மெல்லிய அரம், 400, 800, 1200 உப்புத்தாள், புதிய கத்தி அலகுகள். பசையில் இரண்டு வகை: உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் சூப்பர் குளூ, கண்ணாடிக்கு வெள்ளைப் பசை. ஜன்னலருகே சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெண்படலமாகப் படியும், துடைத்தாலும் போகாது. முன்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மற்ற வேலையை முடித்து, கடைசியில் வெள்ளைப் பசையால் பொருத்துவதே நல்லது.

சூப்பர் குளூவைக் குப்பியிலிருந்து நேராக விடாதீர்கள். ஒரு மூடியில் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் தொட்டு வையுங்கள். துளைக்குள் போகும் கம்பிக்கு உடலின் உட்புறத்திலிருந்துதான் பசை. வெளிப்புறத்தில் ஒட்டினால் பெயின்டுக்கு அடியில் சிறு மேடாகத் தெரியும்.

பிரித்தல்

எதையும் தொடுமுன் மாடலை இரு திசையிலும் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்திலேயே இருக்கும் கோளாறை உங்கள் வேலையால் வந்ததாக நினைத்துப் பின்னால் தேடுவது வீண் அலைச்சல். உடலைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் வயர்களைப் படமெடுத்து வையுங்கள். திருகுகளை ஒரு வெள்ளைத் தாளில் அவை இருந்த இடத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

வார்ப்பு ரெசின் உடலோ 3டி அச்சு உடலோ என்றால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு பழைய பல் பிரஷால் கழுவுங்கள். வார்ப்பில் எண்ணெய்ப் பசை இருக்கும், அதன்மேல் பெயின்ட் பிடிக்காமல் டேப்போடு உரிந்து வரும். 3டி அச்சில் படிவரிகள் இருக்கும். பிரைமர் அடித்து, 800 தாளால் நீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி பிரைமர். இரண்டு மூன்று முறை செய்தால்தான் கூரை வளைவில் வரிகள் மறையும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது, எப்போதும் நீர் தொட்டே தேயுங்கள்.

கூரை

கூரையில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று குழம்புவோர், மின்சாரம் போகும் வழியை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும். கூரைமேல் மடங்கி விரியும் கையான பான்டோகிராஃப், மேல்நிலைக் கம்பியிலிருந்து மின்சாரத்தை வாங்குகிறது. கூரைக் கம்பி வழியாகத் தனிப்படுத்தும் சுவிட்சைத் தாண்டி சர்க்யூட் பிரேக்கருக்குப் போகிறது. அங்கிருந்து புஷிங் என்ற இன்சுலேட்டர் குழாய் வழியாக உடலுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு இறங்குகிறது. இரு முனைகளிலும் உள்ள இரண்டு பான்டோகிராஃப்களும் இந்த ஒரே வழியில் சேர்கின்றன. இடியைத் தாங்கும் லைட்னிங் அரெஸ்டர் ஒன்று இந்த வழிக்கும் உடலுக்கும் நடுவே நிற்கும். மின்சாரம் உள்ள எந்தப் பாகமும் இன்சுலேட்டர் இல்லாமல் கூரையைத் தொடாது. இந்த ஒரு விதியை வைத்துப் பார்த்தாலே உங்கள் மாடலில் விடுபட்டது எது, தவறாக ஒட்டப்பட்டது எது என்று தெரியும்.

வேலை வரிசை இப்படி. கூரையோடு சேர்ந்தே வார்க்கப்பட்ட தடித்த கம்பி உருவங்களைக் கத்தியால் படிப்படியாகச் சீவி, 800, 1200 தாளால் சமன் செய்யுங்கள். ஒரே வெட்டில் எடுக்கப் பார்த்தால் கத்தி கூரைக்குள் இறங்கும். இன்சுலேட்டர் நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறித்து, ஊசியால் ஒரு குழி குத்தி, அதன்பின் 0.55 பிட்டால் துளையிடுங்கள். குழி குத்தாமல் துளையிட்டால் பிட் வழுக்கி வரிசை கோணலாகும், வரிசை கோணலானால் கம்பியும் கோணலாகும்.

25 கிலோவோல்ட் கூரை இன்சுலேட்டர் மாடலில் சுமார் 4 மி.மீ. உயரம். தனியாக விற்கும் பித்தளை அல்லது 3டி அச்சு இன்சுலேட்டர்களை வாங்குவது எளிது. கிடைக்காவிட்டால் 0.5 மி.மீ. கம்பியில் 0.13 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டிலிருந்து குத்தி எடுத்த 1.5 மி.மீ. வட்டுகளைச் சம இடைவெளியில் கோத்துச் செய்யலாம். பத்து இன்சுலேட்டருக்கு ஒரு மாலைப் பொழுது ஆகும், ஆனால் முடிவு அருமையாக இருக்கும். கூரையில் பொருத்தும் முன்பே நிறம் தீட்டுங்கள். பீங்கானுக்குச் செம்பழுப்பில் லேசான பளபளப்பு. சிலிக்கானுக்கு மங்கலான சாம்பல், பளபளப்பு கூடாது.

கூரைக் கம்பிக்கு 0.5 மி.மீ. பித்தளை. சுருளிலிருந்து எடுத்த கம்பி நேராக இருக்காது. ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறடால் பற்றி, லேசாக நீளும் வரை இழுங்கள். கம்பி சட்டென்று விறைத்து நேராகிவிடும். வளைவுகளைத் தாளில் உண்மை அளவில் வரைந்து, அந்த வரைபடத்தின் மேல் வைத்து வளையுங்கள். கூரையில் வைத்து வளைத்தால் இன்சுலேட்டர் பிடுங்கிக்கொண்டு வரும்.

இங்கே ஒரு மின் அபாயம் இருக்கிறது. சில மாடல்களில், குறிப்பாகப் பழையவற்றில், பான்டோகிராஃப் திருகு உள்ளே சர்க்யூட் போர்டோடு இணைந்திருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் வைக்கும் பித்தளைக் கம்பி முழுதும் மின்சாரம் பாயும். மல்டிமீட்டரால் பான்டோகிராஃபுக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தொடர்பு உண்டா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே அந்தத் திருகுக்குப் போகும் இணைப்பைத் துண்டித்து, முனையை டேப் சுற்றி மூடுங்கள்.

பான்டோகிராஃபைப் பிரஷால் தீட்ட வேண்டாம். கழற்றி, உயர்த்திய நிலையில் ஒரு மரக்குச்சியில் கட்டி, உலோகப் பிரைமரை மிக மெல்லிசாகத் தெளித்து, மேலே நிறம். மூட்டுகளில் பெயின்ட் தேங்கினால் கை மடங்காது. காய்ந்ததும் பத்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். தலைப்பகுதியில் கம்பியைத் தொடும் பட்டை கரி, அதனால் கருஞ்சாம்பல். மேல்நிலைக் கம்பி உள்ள அமைப்பில் ஓட்டுவதானால் பட்டையின் மேற்புறத்தைத் தீட்டாமல் வழவழப்பாக விட்டுவிடுங்கள். கம்பியின் வழக்கமான உயரம் நிஜத்தில் 5.5 முதல் 5.6 மீட்டர், மாடலில் 63 முதல் 64 மி.மீ.

எந்தப் பான்டோகிராஃப் ஏறியிருக்க வேண்டும்? ஓடும் திசைக்குப் பின்னால் இருப்பது. முன்னது ஏறியிருந்து உடைந்தால் சிதறும் துண்டுகள் பின்னால் இருக்கும் கூரைக் கருவிகள்மேல் விழும் என்பதால் இந்த வழக்கம். கண்ணாடி அலமாரியில் இரண்டையும் ஏற்றி நிறுத்திய மாடல்களை அடிக்கடி பார்க்கிறோம். ஒன்றை இறக்கினாலே நிஜத்தன்மை ஒரு படி கூடும், செலவு ஒன்றுமில்லை.

முகப்பு

கைப்பிடிக் கம்பிகளில் தொடங்குங்கள். நிஜத்தில் ஒரு கை பற்றும் தடிமன், எச்ஓவில் 0.3 மி.மீ. வார்ப்பில் வருபவை பெரும்பாலும் 0.7க்கு மேல் இருக்கும். அவற்றைச் சீவி எடுத்து, 0.35 பிட்டால் துளையிட்டு, 0.3 கம்பியைப் பொருத்தினால் முகம் தெளிந்துவிடும். எல்லாக் கைப்பிடிகளும் ஒரே தூரம் வெளியே நிற்க, 0.5 மி.மீ. அட்டைத் துண்டைக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே செருகி, உள்ளிருந்து பசை தொட்டு, காய்ந்ததும் அட்டையை உருவுங்கள்.

முன்கண்ணாடிக் கம்பி வலை இந்திய எஞ்சினின் அடையாளம். அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளை வலை கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் 0.2 மி.மீ. கம்பியைச் சட்டத்தில் கட்டி, சிறிதளவு ஈயத்தால் இணைக்கலாம். கண்ணாடியோடு ஒட்டி வைக்காதீர்கள், நிஜத்தில் இடைவெளி உண்டு. வைப்பர் அந்த இடைவெளிக்குள் வரும்.

முகப்பில் தொங்கும் பிரேக் காற்றுக் குழாயான ஹோஸுக்கு, உறையோடு சேர்த்து 0.5 மி.மீ. உள்ள ஒற்றை இழை எலக்ட்ரானிக்ஸ் வயர் போதும். உள்ளே கம்பி இருப்பதால் வளைத்தபடி நிற்கும், உறை ரப்பர்போலவே தெரியும். 10 மி.மீ. துண்டு, மேல் முனையில் 1 மி.மீ. உறையை உரித்துத் துளைக்குள் விடுங்கள். பிரேக் பைப்பின் காக் (காற்றை அடைக்கும் வால்வு) பச்சை, ஃபீட் பைப்பின் காக் வெள்ளை. இந்த இரண்டு சிறு புள்ளிகளை ஊசி முனையால் வைத்துவிட்டால் ரயில்வேக்காரர்கள் பார்த்ததும் முகம் மலர்வார்கள்.

கப்ளிங் விஷயத்தில் ஓட்டமா, காட்சியா என்று முடிவெடுங்கள். நிஜத்தில் நடுவில் சென்டர் பஃபர் கப்ளர், அதில் தொங்கும் திருகு கப்ளிங், இருபுறமும் பஃபர் என மூன்றும் இருக்கும். பழைய வகையான ஐசிஎஃப் பெட்டிகளைத் திருகால் பூட்டுவார்கள், புதிய வகையான எல்எச்பி பெட்டிகளை சென்டர் பஃபர் கப்ளரால். மாடலில் நல்ல வழி, ரேக்கை (பெட்டித் தொடரை) இழுக்கும் முனையில் ஓடும் கப்ளரையும், மறுமுனையில் முழு அலங்காரத்தையும் வைப்பது.

முகப்பின் அடியில் உள்ள தடுப்பான கேட்டில் கார்டைத் தண்டவாளத்திலிருந்து 1.5 முதல் 2 மி.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால் பாயின்ட் (தடம் பிரியும் இடம்) கடக்கும்போது இடிக்கும். போகியோடு திரும்பும் பாகமா, உடலோடு நிற்கும் பாகமா என்று பார்த்து ஒட்டுங்கள். உடலோடு ஒட்டிய கார்டு வளைவில் போகியின் முன்சக்கரத்தைத் தடுக்கும், எஞ்சின் தடம் புரளும். ஒட்டுமுன் உங்களிடம் உள்ள மிகச் சிறிய வளைவில் கையால் தள்ளிப் பாருங்கள். 360 மி.மீ. ஆர வளைவில் முழு அலங்காரம் அநேகமாக இடிக்கும். ஹோஸையும் கார்டையும் விட்டுக்கொடுப்பதா, வளைவைப் பெரிதாக்குவதா என்பது உங்கள் முடிவு. இடம் இருந்தால் வளைவைப் பெரிதாக்குங்கள்.

அடிப்பகுதி

இங்கே அதிக நேரம் வேண்டாம். போகியில் மணல் குழாய்களும் பிரேக் சிலிண்டர் குழாய்களும் சேர்த்தால் போதும். மணல் குழாய்க்குப் பித்தளை ஆகாது. சக்கரத்தையும் தண்டவாளத்தையும் தொட்டு ஷார்ட் ஆகும். 0.4 மி.மீ. தூண்டில் நரம்பை வெந்நீரில் காட்டி வளைத்து வையுங்கள், முனை தண்டவாளத்துக்கு 1 மி.மீ. மேலே நிற்கட்டும்.

பெயின்டும் எழுத்தும்

இந்த வகையில் பரவலாகக் கண்டது சிவப்பு உடல், இளமஞ்சள் பட்டை. ஷெட்டுக்கு ஷெட் வேறு வண்ணங்களும் இருந்தன, உங்கள் படமே முடிவு. வெளிர் நிறத்தை முதலில் அடியுங்கள். பிரைமருக்கு மேல் பட்டை வரும் இடத்தில் இளமஞ்சள், ஒரு நாள் காயட்டும், பட்டையை மாஸ்கிங் டேப்பால் மூடி, பின் சிவப்பு. சிவப்புக்கு மேல் மஞ்சள் அடித்தால் நாலைந்து பூச்சு போனாலும் ஆரஞ்சாகத்தான் தெரியும். டேப்பின் ஓரத்தில் சிவப்பு கசிவதைத் தடுக்க, சிவப்புக்கு முன் அதே இளமஞ்சளை டேப் ஓரத்தில் இன்னொரு முறை தெளியுங்கள். கசிவதானால் மஞ்சள்தான் கசியும், அடியில் இருப்பதும் மஞ்சள், ஆகவே தெரியாது.

டப்பாவில் உள்ள சிவப்பை அப்படியே பயன்படுத்தாதீர்கள். சிறிய பொருளில் நிறம் நிஜத்தைவிட அடர்த்தியாகத் தெரியும். நூறில் ஐந்து பங்கு வெள்ளை அல்லது வெளிர்சாம்பல் சேருங்கள். அடிப்பகுதிக்குத் தூய கறுப்பு கூடவே கூடாது. கருஞ்சாம்பலில் சிறிது பழுப்பு கலந்தால்தான் போகியின் ஸ்பிரிங்கும் சட்டமும் கண்ணுக்குத் தெரியும்.

ஏர்பிரஷ் என்றால் 0.3 மி.மீ. ஊசி, 1 முதல் 1.2 பார் அழுத்தம், 8 முதல் 10 செ.மீ. தூரம். நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் பாதி வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். மதியத்தைத் தவிர்த்துக் காலையில் அடியுங்கள், காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில சொட்டு சேருங்கள். மழைக்காலத்தில் பிரச்சினை வேறு. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டும் நாளில் மேட் லாக்கர் ஸ்பிரே அடித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த வேலையைத் தள்ளிப் போடுவதுதான் அறிவு.

எழுத்துகளுக்கு, நீரில் நனைத்தால் தாளிலிருந்து நழுவும் ஒட்டுப்படமான டெக்கால். வீட்டுப் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது, ஆகவே சிவப்பு உடலில் வெளிர் எழுத்து வர வெள்ளை டோனரில் அச்சிட்டுத் தருபவரிடம்தான் போக வேண்டும். எண், வகை, ஷெட் பெயர் என எல்லாவற்றையும் படத்தில் உள்ள அதே உயரத்தில், அதே எழுத்து வடிவில் தயார் செய்யுங்கள். இந்தி எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். கடைசியாகப் பழுதுபார்த்த ஒர்க்ஸின் குறியீடும் தேதியும் சிறு எழுத்தில் இருக்கும், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸுக்குப் போய்வந்த வண்டி என்றால் அதையும் சேருங்கள்.

டெக்கால் ஒட்டும் பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். மேட் பரப்பின் நுண்குழிகளில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளி நிறப் படலம் தெரியும். கிளாஸ் வார்னிஷ் அடித்து ஒரு நாள் காயவிட்டு, டெக்காலை ஒட்டி, மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டு வைத்து, கை வைக்காமல் விடுங்கள். முதலில் சுருங்கும், பயந்து இழுத்துவிடாதீர்கள். தானே படியும். மறுநாள் மேட் வார்னிஷ்.

விளக்குகள்

எல்லோரும் செய்யும் பிழை வெளிச்சம் அதிகமாவது. டிசிசியில் (தண்டவாளம் வழியாக எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறையில்) சுமார் 14 வோல்ட் வரும். வெள்ளை எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 11 மில்லியாம்ப், கண் கூசும். தலைவிளக்குக்கு 4.7 கிலோ ஓம், முகப்பின் சிறு விளக்குகளுக்கு 10 கிலோ ஓம் போடுங்கள். அந்தக் கட்டளையை எஞ்சினுக்குள் வாங்கிச் செயல்படுத்தும் டீகோடரின் வயர்களில் நீலம் பொதுவான நேர்முனை, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. ரெசிஸ்டரை ஒவ்வொரு எல்இடிக்கும் தனியாக வையுங்கள். இரண்டு எல்இடியை ஒரே ரெசிஸ்டரில் பக்கவாட்டாக இணைத்தால் ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் எரியும்.

உடலின் உட்புறத்தில் விளக்கைச் சுற்றி முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை தீட்டுங்கள். கறுப்பு இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சுவரே சிவப்பாக ஒளிரும்.

இயக்கத்திலும் கவனம் வேண்டும். ரேக்கை இழுக்கும்போது எஞ்சினின் பின்முனைச் சிவப்பு விளக்கு எரியக்கூடாது, அது கடைசிப் பெட்டியின் வேலை. டீகோடரில் பின்விளக்கைத் தனிப் பொத்தானுக்கு மாற்றிவிடுங்கள். மஞ்சள் ஃபிளாஷர் ஆபத்து நேரத்தில் எதிரே வரும் வண்டியை எச்சரிக்கத்தான். அழகுக்காக அதை மினுக்கிக்கொண்டே ஓட்டுவது, ஒவ்வொரு சுற்றிலும் விபத்து நடந்ததாக அறிவிப்பதாகும்.

கேபினில் இரண்டு பேர் வேண்டும்: லோகோ பைலட் இடப்பக்கம், உதவி லோகோ பைலட் வலப்பக்கம். உட்கார்ந்த உருவங்களின் காலை வெட்டினால் பெரும்பாலும் இடம் போதும். ஓடும் திசை முனையில் மட்டும் ஆட்களை வையுங்கள்.

அழுக்கு

புதிதாகப் பெயின்ட் அடித்த ஓர் எஞ்சினும் ஒரு வாரம் ஓடினால் அழுக்காகும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆகாது. எங்கிருந்து எந்த அழுக்கு வருகிறது என்று யோசித்துவிட்டுத்தான் பிரஷைத் தொட வேண்டும். பிரேக் கட்டையிலிருந்து கிளம்பும் இரும்புத்தூள் போகியில் செம்பழுப்பாகப் படியும். பான்டோகிராஃபின் கரித்தூள் கூரையில், அதைச் சுற்றி அடர்ந்தும் தள்ளிப்போகப் போக மெலிந்தும் கறுப்பாகப் படியும். பாதையின் மண் பக்கச்சுவரின் கீழ் விளிம்பில் ஏறும். மழைநீர் கூரை விளிம்பிலிருந்து செங்குத்தாக மெல்லிய கோடுகளாக வழியும். முகப்பில் பூச்சிகள் அடித்த கறை. வைப்பர் துடைத்த இடம் மட்டும் கண்ணாடியில் சுத்தமாக இருக்கும்.

முதலில் வாஷ்: கரும்பழுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, நீர் பத்துப் பங்கு, பாத்திர சோப்பு ஒரு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் நீர் முத்து முத்தாக நின்று காய்ந்து வட்டக் கறை விழும். காற்றுப் புழைகளிலும் மூட்டுகளிலும் ஓடவிட்டு, தட்டைப் பரப்பில் படிந்ததை ஈரப் பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் இழுத்தெடுங்கள். பக்கவாட்டில் இழுத்த ஒரே கோடு போதும், பொய் என்று காட்டிவிடும்.

அடுத்து தூள். மென்மையான பேஸ்டல் கட்டியை உப்புத்தாளில் உரசிப் பொடி செய்துகொள்ளலாம்: கறுப்பு, செம்பழுப்பு, மண் நிறம் மூன்றும் போதும். மேட் வார்னிஷ் மேல்தான் தூள் பிடிக்கும். மேலே வார்னிஷ் தெளித்தால் பாதித் தூள் மறைந்துபோகும், ஆகவே வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுத் தெளியுங்கள். கை படாத கூரைக்கும் போகிக்கும் வார்னிஷே தேவையில்லை.

தூள் போடும்போது மோட்டாரும் கியரும் உள்ளே இருக்கக்கூடாது. எண்ணெயோடு தூள் சேர்ந்தால் அரைக்கும் பசையாகிப் பற்களைத் தேய்த்துவிடும். சக்கரங்களின் முகத்தைத் தீட்ட, எஞ்சினைத் தலைகீழாக வைத்து மெல்ல ஓடவிட்டு, பிரஷை அசையாமல் பிடியுங்கள். ஓடுதளத்தில் பட்ட பெயின்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் உடனே துடையுங்கள். மின்சாரம் எடுக்கும் தகடுகளிலும் பாருங்கள். அழுக்கு வேலைக்குப் பின் எஞ்சின் திக்கித் திக்கி ஓடினால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் அங்கேதான் இருக்கும்.

எவ்வளவு அழுக்கு போதும்? ஷெட் பராமரிப்பு நன்றாக இருந்த பயணிகள் எஞ்சின் இது. சரக்கு எஞ்சின்போல் மூழ்கடிக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் போடலாமோ என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, ஒரு இரவு விட்டு, பகல் வெளிச்சத்தில் படத்தோடு ஒப்பிடுங்கள். சேர்ப்பது எளிது, எடுப்பது கடினம்.

கோத்தல், சோதனை

கண்ணாடிகளை வெள்ளைப் பசையால் பொருத்தி, உடலைச் சேசிஸில் இறக்கும் முன், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிக் கம்பிகளின் முனைகளை வெட்டி, அவற்றின்மேல் டேப் ஒட்டுங்கள். உலோக எடைக்கட்டியைத் தொட்டால் ஷார்ட். திருகுமுன் எந்த வயரும் நசுங்கவில்லை என்று எடுத்த படத்தோடு பாருங்கள். டிசிசி டீகோடர் என்றால் முதலில் புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து முகவரியைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே மின்னோட்டம் குறைவு, எங்காவது தொடுதல் இருந்தாலும் டீகோடர் எரியாது. அதன்பின் மிக மெதுவான வேகத்தில் சிறிய வளைவு, பாயின்ட், மேடு என ஒவ்வொன்றாக இரு திசையிலும் ஓட்டுங்கள்.

பெட்டியில் வைக்கும்போது பழைய ஃபோம் இனிப் பொருந்தாது. பான்டோகிராஃப், இன்சுலேட்டர் வரிசை, ஹோஸ் வரும் இடங்களில் ஃபோமை 5 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். எஞ்சினைத் தூக்கும்போது பக்கச்சுவரின் நடுப்பகுதியை இரு கைவிரல்களால் பிடியுங்கள், கூரையில் விரல் வைக்காதீர்கள்.